ஐந்தடிப் பெண்ணுக்கு ஆறு கஜம்

நவராத்திரிக் கொலு, தீபாவளி, ஐப்பசி முகூர்த்தங்கள், கார்த்திகை தீபம் என்று நம் பெண்கள் அதிகமாகச் சேலையும் தாவணியும் எடுக்கிற மாதங்கள் இவை. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிற மாதங்களும் இவைதான். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. நம் கடலோரத்தில் அந்தப் பங்கு இன்னும் அதிகம். புதிதாகச் சேலை கட்டத் தொடங்கும் பெண், அதிலும் ஐந்தடியை ஒட்டிய உயரமுள்ள பெண், இந்த நேரத்தில் தயங்குவது இயல்பு. இடுப்பில் துணி திரள்கிறது, காலில் தடுக்குகிறது, காற்றில் பறக்கிறது, சேற்றில் நனைகிறது. கடைசியில் "சேலை எனக்குச் சரிப்படாது" என்று மடித்து பீரோவில் வைத்துவிடுகிறாள். பிளவுஸ் தைத்தும், பிறருக்குச் சேலை கட்டிவிட்டும் பழகியவள் என்ற உரிமையில் அந்தப் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். வரிசையாகப் படியுங்கள். ஒவ்வொன்றையும் கண்ணாடி முன் நின்று செய்துபாருங்கள்.

1. உயரத்தைப் பற்றிய வருத்தத்தை முதலில் விடுங்கள்.

இந்தியப் பெண்களின் சராசரி உயரமே ஏறக்குறைய 152 சென்டிமீட்டர்தான், அதாவது ஐந்தடி. கடை வாசலில் நிற்கும் பொம்மையும் விளம்பரப் பெண்ணும் நெட்டையாக இருப்பதால் நம்மை நாமே குள்ளம் என்று நினைத்துக்கொள்கிறோம். தைத்த உடை வேறு யாருடைய அளவுக்கோ வெட்டப்பட்டு வருகிறது. சேலை அப்படியல்ல. கட்டுகிற ஒவ்வொரு முறையும் உங்கள் இடுப்பில்தான் அதன் நீளம் முடிவாகிறது. உயரம் குறைந்த உடலுக்கு இதைவிட இணக்கமான உடை இல்லை. இனி நான் சொல்லப்போவது எல்லாம் ஒன்றைத்தான் சுற்றி வரும்: துணியைக் குறைக்க வேண்டாம், மிஞ்சுகிற துணி எங்கே போய் நிற்க வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். பார்ப்பவர் கண் தோளிலிருந்து கால்வரை தடைபடாமல் இறங்கினால் நீங்கள் உயரமாகவே தெரிவீர்கள்.

2. கடைக்குப் போகுமுன் ஓர் அளவு எடுங்கள்.

சேலையோடு போடப்போகும் செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். பாவாடை நாடா கட்டும் இடத்திலிருந்து தரைவரை இஞ்ச் டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். ஐந்தடிப் பெண்ணுக்குப் பெரும்பாலும் 37 அல்லது 38 அங்குலம் வரும். சேலைகளின் பன்னா என்கிற அகலமோ 44 முதல் 48 அங்குலம்வரை இருக்கிறது. உள்ளே செருக நான்கைந்து அங்குலம் போதும். 48 அங்குலப் பன்னா என்றால் பத்து அங்குலம் உள்ளே போக வேண்டியிருக்கும். அந்த அதிகப்படித் துணிதான் இடுப்பைச் சுற்றி மொத்தையாகத் திரண்டு ஆளைக் குறுக்கிக் காட்டுகிறது. சேலை பொருந்தவில்லை என்று சொல்கிற பெண்களில் பலருக்குப் பொருந்தாதது பன்னாதான். ஆகவே நிறத்தைப் பார்ப்பதற்கு முன் பன்னாவைக் கேளுங்கள். 44, 45 அங்குலத்தில் கிடைத்தால் அதை எடுங்கள். ஆறு கஜம், அதாவது ஐந்தரை மீட்டர் நீளம் உங்களுக்குச் சிக்கல் தராது. நீளம் மிஞ்சினால் கொசுவத்துக்கும் முந்தானைக்கும் பிரித்துக் கொடுக்கலாம்; அகலம் மிஞ்சினால் அது இடுப்பில்தான் வந்து உட்காரும்.

3. மிஞ்சும் அகலத்தைத் திணிக்காதீர்கள், மடியுங்கள்.

அகலப் பன்னாச் சேலை ஏற்கனவே வீட்டில் இருக்கிறது, என்ன செய்வது? முதல்நாள் இரவே கட்டிலில் விரித்துப் போடுங்கள். முந்தானைக்கு வேண்டிய பகுதியை விட்டுவிட்டு, மற்ற இடத்தில் மேல்கரையை நான்கைந்து அங்குலம் உட்பக்கமாக நேராக மடித்து இஸ்திரி போடுங்கள். மறுநாள் அந்த மடிப்பு விளிம்பைப் பிடித்துச் செருகினால் துணி தட்டையாகப் படியும், திரளாது. கொசுவத்தையும் முந்தானையையும் முன்கூட்டியே மடித்து, தேய்த்து, பெட்டியாக அடுக்கித் தருவதைத் தொழிலாகச் செய்யும் பெண்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களிடம் கொடுத்தாலும் உங்கள் இடுப்பு உயரத்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பாவாடையைத் தொப்புள் மட்டத்திலோ ஒரு விரல் மேலேயோ கட்டுங்கள். கீழே இறக்கிக் கட்டினால் கால் குட்டையாகிவிடும். விரிந்து நிற்கும் பாவாடை வேண்டாம். அளவாகத் தைத்த ஆறு பீஸ் பாவாடை போதும். உடம்போடு ஒட்டிய ஷேப்வேர் மண்டபத்துக்குள் அழகாக இருக்கும். ஆனால் அதில் அடி குறுகும். தேங்கிய தண்ணீரைத் தாண்டக் காலை அகட்டி வைக்க முடியாது. மழை நாளில் வெளியே போகிறவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

4. கோடு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள்.

இதைப் புரிந்துகொண்டால் பாதி வித்தை கைவந்த மாதிரி. தறியில் பாவு நூல் சேலையின் நீளவாக்கில் ஓடுகிறது. ஊடை நூல் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் குறுக்கே போகிறது. கட்டும்போது இந்தத் திசை மாறும். இடுப்புக்குக் கீழே பாவு உங்களைச் சுற்றிப் படுக்கையாகப் போகும். ஊடை மேலிருந்து கீழே இறங்கும். தோளைத் தாண்டி முந்தானையாகத் தொங்கும் இடத்தில் மறுபடி மாறி, பாவு கீழ்நோக்கி இறங்கும், ஊடை படுக்கையாகும்.

ஆகவே, ஊடையில் கோடு போட்ட சேலை கொசுவத்தில் நெட்டுக் கோடாக இறங்கி உங்களை உயர்த்திக் காட்டும். பாவில் கோடு போட்ட சேலை இடுப்பையும் தொடையையும் வளையம் வளையமாகச் சுற்றி அகலமாக்கும். கடையில் சேலையைத் தோளில் மட்டும் போட்டுக் காட்டுவார்கள். அங்கே தெரிவது முந்தானையின் திசை. கரை காலில் படும்படி இடுப்பில் பிடித்து ஒருமுறை பாருங்கள். தறி ஓடுவதைக் கண்ணால் பார்க்க விரும்பினால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 1996 முதல் இயங்கும் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அங்கே காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடொன்று இருக்கிறது. பாவும் ஊடையும் எப்படிப் பின்னுகின்றன என்பதை ஒருமுறை பார்த்தவள் பிறகு சேலை எடுப்பதில் தடுமாற மாட்டாள்.

5. கால்பக்கக் கரையை அடக்கமாக எடுங்கள்.

இடுப்புக்குக் கீழே உங்களுக்கு இருப்பது 38 அங்குலம். அதில் பத்து அங்குலக் கரை வந்தால் கால்பங்குக்கு மேல் போய்விட்டது. அந்த இடத்தில் கண் நின்றுவிடும். இரண்டு முதல் நான்கு அங்குலக் கரை போதும். இரு கரையும் உடலும் சம அகலத்தில் வரும் முப்பாகச் சேலை நெட்டையான பெண்களுக்கு எடுப்பாக இருக்கும். நமக்கு அது மூன்று துண்டாக வெட்டிக் காட்டும். ருக்மிணி தேவி 1936-இல் தொடங்கிய கலாக்ஷேத்திராவின் நெசவுப் பாணியும் அகன்ற கரைக்குப் பெயர்பெற்றது. அந்த அழகு உங்களுக்குப் பிடித்திருந்தால், கரையும் உடலும் ஒரே நிறக் குடும்பத்தில் வருவதாக எடுங்கள். உடல் ஒரு நிறம், கரை நேரெதிர் நிறம் என்று வரும் கோர்வைச் சேலையில் கரை குறுகலாக இருக்கட்டும்.

அம்மாவின் கூறைப்புடவை பெரிய கரையோடு இருந்தால்? தயங்காமல் கட்டுங்கள். கொசுவத்தைச் சற்றுக் குறுகலாக வையுங்கள், பிளவுஸை உடல் நிறத்தில் போடுங்கள், முந்தானையை மடித்துக் குத்துங்கள். அந்தப் புடவையின் மதிப்புக்கு முன்னால் இரண்டு அங்குலம் பெரிய விஷயமில்லை.

6. கொசுவம் குறுகலாகவும் குறைவாகவும் இருக்கட்டும்.

நான்கு அங்குல அகலத்தில் ஐந்தாறு மடிப்பு போதும். எல்லா மடிப்பும் இடப்பக்கம் பார்க்க வேண்டும். தொப்புளுக்கு நேராகவோ அரை அங்குலம் இடப்புறம் தள்ளியோ செருகுங்கள். ஒல்லியான பெண்களுக்கு ஐந்தரை மீட்டர் துணி மிஞ்சும். அதை முழுக்கக் கொசுவத்தில் கொட்டினால் முன்பக்கம் விசிறியாக விரிந்து நிற்கும். மிஞ்சியதில் ஒரு பகுதியை முந்தானைக்கு விடுங்கள். அப்படியும் மிஞ்சினால் இடுப்பை அரைச் சுற்று கூடுதலாகச் சுற்றுங்கள்.

செருகிய இடத்துக்கு மூன்று விரல் கீழே, உட்பக்கமாக, எல்லா மடிப்பையும் சேர்த்து ஓர் ஊக்கு குத்துங்கள். பிறகு அக்காளையோ தோழியையோ காலடியில் உட்காரச் சொல்லி, ஒவ்வொரு மடிப்பின் அடியையும் இழுத்துச் சமன்செய்யச் சொல்லுங்கள். இந்த ஒரு நிமிட வேலை செய்கிற நன்மையை இரண்டங்குலக் குதிகால் செருப்பு செய்யாது.

7. முந்தானை முழங்காலுக்குக் கீழே இறங்கட்டும்.

முந்தானை பின்பக்கம் இடுப்போடு முடிந்தால் உடல் அங்கே வெட்டுப்படும். முழங்காலைத் தாண்டி ஒரு சாண் இறங்கினால் தோளிலிருந்து ஒரே ஓட்டமாகக் கண் கீழே போகும். கணுக்கால்வரை விட்டால் இந்த மாதங்களில் சேறு துடைக்கத்தான் உதவும்.

மடிப்பு மூன்று, மூன்றரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். நம் தோள் சிறியது. அகல மடிப்பு தோளைத் தாண்டிக் கைமேல் சரியும். கால்பக்கத்தில் படுக்கையாக ஓடிய கரை முந்தானையில் நெட்டாக இறங்குகிறது. அந்தக் கரை மேல்மடிப்பில் தெரியும்படி வைத்தால் அதுவே உங்களுக்குக் கிடைக்கும் இயற்கையான உயரக்கோடு. மடிக்காமல் ஒற்றையாக விடுவதென்றால் மெல்லிய, இழைந்து விழும் துணியில் மட்டும் விடுங்கள். விறைப்பான பட்டில் ஒற்றை முந்தானை இடக்கையை மூடி உடம்பின் ஒரு பக்கத்தையே மறைத்துவிடும். முந்தானை நுனியில் கனமான குஞ்சம் கட்டாதீர்கள். நனைந்தால் அது தோளை இழுக்கும்.

8. பிளவுஸைத் தச்சு வேலைபோல் அளந்து தைக்கச் சொல்லுங்கள்.

சேலை விட்டுக்கொடுக்கும், பிளவுஸ் விட்டுக்கொடுக்காது. தோள் தையல் தோள் எலும்பின் முனையில் நிற்க வேண்டும். அரை அங்குலம் இறங்கினாலும் ஆள் தளர்ந்து தெரிவாள். கை, மேற்கையின் பருத்த இடத்தில் முடியக் கூடாது. அதற்கு மேலேயோ, முழங்கைக்குச் சற்று மேலேயோ முடியட்டும். பெரிய பஃப் கை வேண்டாம். ஆரி வேலை பிடித்தால் முதுகுக் கழுத்தில் போடுங்கள். கையைச் சுற்றிக் கனமாகப் போட்டால் மார்பும் கையும் சேர்ந்து ஒரே அகலப் பட்டையாகத் தெரியும். முன்கழுத்து சற்று இறங்கிய 'வி' வடிவமோ நீள்வட்டமோ கழுத்தை நீட்டிக் காட்டும். பிளவுஸ் நிறம் சேலையின் உடல் நிறத்துக்குப் பக்கத்தில் இருந்தால் உடல் ஒரே ஓட்டமாகத் தெரியும். எதிர்நிறம்தான் வேண்டுமென்றால் இடுப்பு இடைவெளியைக் குறையுங்கள்.

9. நகையும் கொண்டையும் இதே கணக்குக்குள் வர வேண்டும்.

கழுத்தை ஒட்டிய அட்டிகை கழுத்தைக் குட்டையாக்கும். நீண்ட ஆரமோ ஒற்றைச் சங்கிலியோ கீழ்நோக்கி இழுக்கும். ஒட்டியாணம் உடலை இரண்டாகப் பிரிக்கும். போட்டே ஆக வேண்டுமென்றால் மெல்லியதாக, முந்தானைக்கு அடியில் பாதி மறையும்படி போடுங்கள். உச்சிக்கு அருகில் போட்ட கொண்டை உயரம் தரும். நீண்ட பின்னலும் நல்லதுதான். அதில் பூவைக் கொத்தாக அள்ளி வைக்காமல் சரமாகத் தொங்கவிடுங்கள்.

10. இழைந்து விழும் துணியைத் தேர்ந்தெடுங்கள்.

துணியைக் கையில் பிடித்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். நேராக விழுந்தால் நமக்கான துணி; விறைத்து விலகி நின்றால் அல்ல. மெல்லிய கைத்தறிப் பருத்தி, பட்டும் பருத்தியும் கலந்தது, கிரேப், மென்பட்டு எல்லாம் நன்றாக விழும். மொடமொடப்பான ஆர்கன்சாவும் கெட்டி டிஷ்யூவும் காற்றடைத்ததுபோல் நிற்கும்.

பருத்திக்குக் கஞ்சி போடும் பழக்கத்தை ஐப்பசியில் நிறுத்திவையுங்கள். கஞ்சி போட்ட சேலை உடலைவிட்டு விலகி நின்று அகலம் கூட்டும். அதோடு ஈரக்காற்றில் கஞ்சி காயாமல் வாடை வரும், பூச்சி தங்கும். மெல்லிய துணிக்கு இந்தக் கடற்கரை என்றைக்கோ பெயர் வாங்கியது. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் வணிகத்தளம் அமைத்ததே இங்கே நெய்த மஸ்லினைக் கப்பலேற்றத்தான். நம் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் மெல்லிய நெசவுதான் சரி என்பதை இந்த மண்ணின் நெசவாளர்கள் அன்றே அறிந்திருந்தார்கள்.

11. மழை நாளுக்கு வேறு கட்டு.

மண்டபத்துக்குள் சேலை புறங்காலைத் தொட வேண்டும். மழை நாளில் கணுக்கால் எலும்பு தெரியும் அளவுக்கு ஏற்றிக் கட்டுங்கள். பாவாடை அதைவிட ஓர் அங்குலம் குட்டையாக இருக்கட்டும். நனைந்த பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துக் கீழே இறங்கும் என்பதால், நாடாவை வழக்கத்தைவிட இறுக்கமாக முடியுங்கள். கால்பக்கத்தில் ஃபால்ஸ் வைத்திருந்தால் கரை பிசிறாமல் நேராக விழும். ஆனால் தண்ணீரில் சுருங்காத ஃபால்ஸாகப் பார்த்து, தைக்குமுன் ஒருமுறை நனைத்துக் காயவைத்துத் தைக்கச் சொல்லுங்கள்.

ஊசிக் குதிகால் வேண்டாம். ஈரக் கல்லிலும் டைல்ஸிலும் அது ஆபத்து. அடி முழுக்கச் சீராக உயர்ந்த, பின்பட்டை வைத்த செருப்பு ஒன்றரை அங்குலம் தரும், வழுக்காது. எதைப் போடப்போகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டுதான் சேலை கட்ட வேண்டும். கட்டி முடித்தபின் செருப்பு மாற்றினால் அளவெல்லாம் வீண்.

12. கடற்காற்றுக்கு முன்கூட்டியே தயாராகுங்கள்.

இந்த மாதங்களில் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் முன் கடலுக்கு முதுகு காட்டிப் படமெடுக்க நின்றால், காற்று உங்கள் வலத்தோளுக்குப் பின்னாலிருந்து அடித்து முந்தானையை முகத்தின்மேல் வீசும். அதனால் முந்தானையைப் பின்பக்கமாகச் சுற்றி வலது இடுப்பில் கொண்டுவந்து செருகிக்கொள்ளுங்கள். தோளில் இரண்டு ஊக்கு: ஒன்று தோள் தையலுக்குச் சற்றுப் பின்னால், ஒன்று மார்புக்கு மேலே உட்பக்கம். பட்டு கிழியாமல் இருக்க, ஊக்குக்கு அடியில் சிறு துணித்துண்டு வைத்துக் குத்துங்கள். படமெடுப்பவரைக் கைபேசியை உங்கள் இடுப்பு மட்டத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். முகத்துக்கு மேலிருந்து எடுத்தால் கால் குட்டையாகத்தான் விழும்.

புயல் எச்சரிக்கை இருக்கும் நாளில் கடற்கரைப் படமே வேண்டாம். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரை கடந்தது.

13. வண்டியில் ஏறும்போது அழகை மறந்துவிடுங்கள்.

இது கெஞ்சிக் கேட்டுக்கொள்கிற இடம். முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்கி உயிர் போன கதைகள் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. பின்சக்கரத்தில் ஆடை சிக்காமல் இருக்கப் பாதிச் சக்கரத்தையாவது மறைக்கும் தடுப்பு வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி சொல்கிறது. உங்கள் வண்டியில் சேலை கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். பார்வைக்கு நன்றாயில்லை என்று கழற்றியிருந்தால் இன்றே மாட்டுங்கள். ஏறுமுன் முந்தானையை முன்னால் இழுத்து மடிமேல் வைத்து, நுனியை இடுப்பில் செருகுங்கள். துப்பட்டாவை முதுகுக்குப் பின்னால் முடிந்து, அதன்மேல் மழைக்கோட்டைப் போடுங்கள். உயரம் குறைந்தவர்களுக்கு முந்தானை சக்கரத்துக்கு இன்னும் அருகில் தொங்கும். அதை மறக்காதீர்கள்.

14. விளக்குக்கும் பட்டாசுக்கும் பருத்தி.

தீபாவளியன்று வாசலில் நிற்கும்போதும், கார்த்திகை தீபத்தன்று தரையில் அகல் வரிசை வைக்கும்போதும் தொங்கும் துணி எதுவும் இருக்கக் கூடாது. அகல் தரையில் எரிகிறது, முந்தானை முழங்காலுக்குக் கீழே ஆடுகிறது. நான் மேலே சொன்ன நீளமே அங்கே ஆபத்து. இழுத்துச் செருகிய பிறகுதான் தீப்பெட்டியைத் தொடுங்கள். பாலியஸ்டரும் நைலான் கலந்த துணியும் உருகித் தோலோடு ஒட்டும், அன்றைக்குப் பருத்திதான். துணியில் தீப்பிடித்தால் ஓடாதீர்கள். தரையில் படுத்து உருளுங்கள். காயத்தில் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

15. சேலை அல்லாத நீள உடைகளுக்கும் இதே கணக்கு.

பாவாடை தாவணி நமக்கு மிகப் பொருத்தம். பாவாடை உங்கள் அளவுக்கே தைக்கப்படுவதால் இடுப்பில் எதுவும் மிஞ்சாது. பாவாடைக் கரை குறுகலாகவும், தாவணி பாவாடை நிறத்தை ஒட்டியும் இருந்தால் போதும். அனார்கலி எடுத்தால் அதன் இடுப்புத் தையல் உங்கள் இயற்கை இடுப்புக்கு ஓர் அங்குலம் மேலே வரும்படி பிரித்துத் தைக்கச் சொல்லுங்கள். நீளத்தைக் கணுக்காலுக்கு மேல் நிறுத்துங்கள்.

சிறுசேரியிலும் மகேந்திரா வேர்ல்டு சிட்டியிலும் வேலைக்குப் போகும் பெண்கள் குளிர்சாதன அறைக்காக மேலே ஒன்று போடுகிறார்கள். சேலைமேல் போடுவதானால் இடுப்போடு முடியும் மெல்லிய ஸ்வெட்டர் போடுங்கள். குர்தாமேல் போடுவதானால் பொத்தான் போடாமல் திறந்து தொங்கும் நீள ஷ்ரக் போடுங்கள், அதன் இரு விளிம்பும் இரண்டு நெட்டுக் கோடாக இறங்கும். குர்தாவும் நீளம், ஷ்ரக்கும் நீளம், துப்பட்டாவும் நீளம் என்று மூன்றையும் சேர்க்காதீர்கள். நீளத் துணிகளில் ஒன்று தளர்வாக இருந்தால் மற்றது உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும்.

16. பல்லவர் கல்லில் செதுக்கியதைப் போய்ப் பாருங்கள்.

மழை விட்ட ஒரு காலையில் மாமல்லபுரம் போங்கள். திரௌபதி ரதத்தின் வாசலில் இருபுறமும் நிற்கும் காவல் பெண்களை நிதானமாகப் பாருங்கள். ஆதிவராகக் குகையில் பல்லவ மன்னர்களோடு நிற்கும் அரசியரையும் பாருங்கள். 7-ஆம் நூற்றாண்டுச் சிற்பிகள் பெண்ணுருவத்தை ஒடிசலாக, நீண்ட கைகால்களோடு, தலையில் உயர்ந்த மகுடத்தோடு செதுக்கினார்கள். கால்மேல் துணி இருப்பதையே மெல்லிய கோடுகளால்தான் காட்டுகிறார்கள். உருவம் சிறியதானாலும் நெடிதாகத் தெரிகிறது. தடையில்லாத கோடு என்று நான் இவ்வளவு நேரம் சொன்னது என்ன என்பதை அந்தக் கல் ஒரு நொடியில் சொல்லிவிடும்.

17. கட்டி முடித்தபின் துணியைக் காப்பாற்றுங்கள்.

கடற்காற்றில் உப்பு இருக்கிறது, ஈரம் இருக்கிறது. அசல் சரிகை என்பது வெள்ளி; ஈரமும் உப்பும் பட்டால் கறுக்கும். கடற்கரைக்குப் போகும் நாளில் அசல் சரிகைப் பட்டைக் கட்டாதீர்கள். நனைந்த பட்டை முறுக்கிப் பிழியக் கூடாது. உலர்ந்த துண்டால் ஒற்றி, நிழலில், மின்விசிறிக் காற்றில் விரித்துக் காயவிடுங்கள். முழுக்கக் காய்ந்தபின் வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றிவையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம். அந்துருண்டை சரிகையைத் தொடக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து வேறு இடத்தில் மடிப்பு விழும்படி மடியுங்கள்.

18. விசேஷத்தன்று கற்றுக்கொள்ளாதீர்கள்.

முகூர்த்த நாள் காலையில் முதல்முறை கட்டுகிறவள் பதற்றத்தில் துணியைத் திணிப்பாள். அதற்கு முன்னாலேயே வீட்டில் கட்டுங்கள். கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குங்கள், தரையில் உட்கார்ந்து எழுங்கள், சமையலறையில் நில்லுங்கள். பின்பக்கத்தை இன்னொரு கண்ணாடியில் பாருங்கள். எங்கே அவிழ்கிறது, எங்கே தடுக்குகிறது என்று உடம்பே சொல்லிக்கொடுக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தீபாவளியையொட்டி கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் கைத்தறிக்குத் தள்ளுபடி தருகிறார்கள். தமிழ்நாட்டு நெசவாளர் கூட்டுறவாக 1935-இல் தொடங்கிய நிறுவனம் அது. உங்கள் இஞ்ச் அளவை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போய், பன்னா கேட்டு, கரை பார்த்து, இடுப்பில் பிடித்துப் பார்த்து ஒரே ஒரு நல்ல கைத்தறிச் சேலை வாங்குங்கள். மழை தொடங்குமுன் அதைக் கட்டிப் பழகிவிடுங்கள். ஐந்தடிப் பெண்ணுக்கு ஆறு கஜம் அதிகமில்லை. அளந்து கட்டினால் அது அவளுக்குச் சரியான அளவு.